ஒங்க அம்மைட்ட சொல்லு

தமிழ் சார் காலமான செய்தி நம் வாட்ஸப் குழுவில் வந்தபோது இங்கே சிங்கப்பூரில் இரவு பதினொன்றரை. ஸ்டுடியோவில் மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு ஒரு பேட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன. நடுவில் ஒருத்தன், யாரென்று உங்களுக்கே தெரியும், "ஏல ஒங்கம்மைட்ட சொல்லு, சாரப் பத்தி பள்ளிக்கூட மலருக்கு நீதாம்ல எழுதணும்" என்று போட்டிருந்தான். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு பேத்தி இருக்கிறாள். பட்டப்பெயர் மட்டும் எட்டாம் வகுப்பிலேயே நிற்கிறது.

நமக்குப் பின்னால் படித்தவர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, சுடலை கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய் ஸ்பீக்கர் நாலு, மைக் இரண்டு, இசைத்தட்டுப் பெட்டி ஒன்று. அந்த ஆம்ப்ளிஃபயர் 1976இல் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பஸ் கூரையில் வந்து இறங்கியது. அதே வாரம் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளையல் முங்கிப்போன அன்று அம்மா அப்பாவிடம் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விட்ட வீடு அது.

அடி உதை எதுவும் கிடையாது. அப்பா குடிக்கவும் மாட்டார். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "அப்புறம் என்னதான் கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். பதினைந்து வருசம் அந்த வீட்டில் நான்தான் ஒலிபரப்பு என்று சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை. "ஏல, ஒங்க அம்மைட்ட சொல்லு, இந்தக் கொழம்ப நாயிகூட நக்காதுன்னு." நான் அடுப்படிக்குப் போய், "அம்மா, புளி கொஞ்சம் குறைச்சலாப் போடணுமாம்" என்பேன். அடுப்படிக்கும் அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் நடுவே இருந்தது அரைச்சுவர்தான். அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். "ஒங்க அப்பாட்ட சொல்லு, அப்ப நாய வேற வீடு பாக்கச் சொல்லு" என்பாள். நான் திரும்பிப் போய், "சரின்னு சொல்லுதா" என்பேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும். இரண்டு பேரும் என்னைத் திருத்தவில்லை. நான் வெட்டி ஒட்டிக் கொடுத்ததையே வாங்கிக்கொண்டார்கள்.

எப்போது சொல்வது என்பதையும் நானே பழகிக்கொண்டேன். அப்பாவின் காலைக் கோபத்தைச் சாயங்காலம் வரை வைத்திருப்பேன். அம்மா பீடிக் கடைக்குப் போய் அன்று சுற்றிய ஆயிரம் பீடியைக் கொடுத்து, கழித்துப்போட்டது எத்தனை என்று பார்த்துவிட்டு வந்து, தட்டைச் சுவரில் சாய்த்து வைப்பாள். தட்டை மெதுவாக வைத்தால் சொல்லலாம். சத்தம் வரும்படி வைத்தால் மறுநாள்தான்.

தட்டு மடியில் இருக்கும் நேரமெல்லாம் இலங்கை வானொலி ஓடும். நம்ம தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதானே. பொங்கும் பூம்புனல் தொடங்கும்போது அம்மா இலை வெட்ட உட்காருவாள். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா கடகடவென்று பேசும்போது அவள் கை ஓடுகிற வேகமே வேறு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நுனி மடக்கிக் கொடுப்பது என் வேலை. ஏழே காலுக்கு மட்டும் டெல்லிக்குத் திருப்பிவிடுவேன். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண் சுவாமி." அந்தக் குரல் எனக்கு அப்படியே வரும். அதைக் கண்டுபிடித்தவர் தமிழ் சார். கிளாஸில் திருக்குறளை சரோஜ் நாராயண் சுவாமி மாதிரி வாசித்துக் காட்டி, அதற்கு அவரிடம் காதைத் திருகக் கொடுத்தேன். பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்ததும் அவர்தான்.

இனி ஆண்டு விழா. 1983. உங்களில் பாதிப் பேர் அன்று மைதானத்தில் இருந்தவர்கள், நான் விட்டதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ செட் வழக்கம்போல அப்பாவுடையது. வாகை மரத்தில் இரண்டு குழாய், கேட்டில் ஒன்று, நாலாவது ரோட்டைப் பார்த்து. எனக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா. அதனால் அம்மா வந்திருந்தாள். யாரோ டீச்சர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். மேடையில் அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, அலோ, அலோ. நான் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மைக்கை ஸ்டாண்டில் பொருத்தினார். சுவிட்சை அமத்தவில்லை. பிறகு என் பக்கம் குனிந்தார்.

"ஏல, ஒங்க அம்மைட்ட போயிச் சொல்லு, கிழிஞ்ச சேலையக் கட்டிக்கிட்டு முன்வரிசையில ஒக்கார வேண்டாம்னு. எந்திரிச்சுப் பின்னால போவச் சொல்லு."

நாலு குழாயிலும் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பீடிக் கடை வரைக்கும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். மைதானத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. அம்மா எழுந்தாள். சேலையில் அந்தக் கிழிசல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், முந்தியில், உள்பக்கம் மடித்திருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மைக் இல்லாமலே அவள் சத்தம் கடைசி வரிசை வரை போனது.

"ஒங்க அப்பாட்ட சொல்லு, மைக்க அமத்திட்டுப் பேசச் சொல்லு."

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் சிரித்தார். சிறப்பு விருந்தினர் சிரித்தார். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருந்த தமிழ் சார், அந்தத் தாளாலேயே வாயை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது எனக்கு மறந்துபோயிருக்கும். அந்தத் தாள் ஆடியது மறக்கவில்லை. சோப்பு டப்பாவை வாங்காமலே ஆற்றுக்கு ஓடிவிட்டேன். அம்மா விழா முடியும் வரை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை பிரேயரில், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும், சார் என் பெயரைச் சொல்லி, இன்று முதல் செய்தி வாசிப்பது இவன் என்று அறிவித்தார். யாரிடம் கேட்டார், என்னிடம் கேட்டாரா, எதுவும் கிடையாது. தினமணியைக் கையில் திணித்தார். முதல் செய்தியில் பாதி போயிருப்பேன், பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒங்க அம்மைட்ட சொல்லு!" எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. சத்தம் போட்டவனைச் சார் அதட்டவில்லை. பிரம்பையும் எடுக்கவில்லை. என் பின்னால் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அடுத்த செய்தி" என்றார்.

வாசித்தேன். பத்தாவது முடியும் வரை வாசித்தேன். 'ழ' சரியாக வரும் வரை, மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிறுத்தி 'வாழைப்பழம் அழுகிக் கொழகொழத்து' சொல்ல வைப்பார். இங்கே செய்தி வாசிக்கும்போது 'ழ'வுக்காக யாராவது பாராட்டினால் அந்த வாசலில் வீசும் சாம்பார் வாடைதான் எனக்கு வருகிறது.

1984 அக்டோபர் 31 நினைவிருக்கிறதா? காலையில் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள், மத்தியானம் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது, ஆகாசவாணி மட்டும் சாயங்காலம் வரை இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. பள்ளியை விட்டு எல்லாரும் போன பிறகு சாரிடம் போய், ரேடியோ ஏன் மறைக்கிறது என்று கேட்டேன். "ஏன், நீ வீட்டுல மறைக்கலியாலே?" என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை.

கல்லூரி, அது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பாளையங்கோட்டை வானொலி நிலையத்துக்கு இளையபாரதம் நிகழ்ச்சிக்காக முதன்முதலில் என்னைக் கூட்டிப்போனவரும் சார்தான். பஸ் டிக்கெட் அவர் எடுத்தார். ஸ்டுடியோவின் கனமான கதவு சாத்தியதும் உடன் வந்த பையன்கள் காது அடைத்துக்கொண்டது என்றார்கள். எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிடும் நேரம் அப்படித்தான் இருக்கும்.

1990இல் அங்கேயே பகுதிநேர அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். மாதத்தில் சில நாள்தான் டியூட்டி. மீதி நாளெல்லாம் ஒலிப்பதிவு அறையில் பழியாய்க் கிடந்து பிளேடால் டேப் வெட்டப் பழகினேன். ஒரு நொடிப் பேச்சுக்கு ஏழரை அங்குல டேப் ஓடும். ஏழரை என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரும், அது வேறு கதை. இருமலை வெட்டுவது எளிது. அந்த இடத்தில் வெறும் டேப்பை ஒட்டினால் காதுக்குத் தெரிந்துவிடும், அதே அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்து ஒட்ட வேண்டும். எந்த இரண்டு அறையின் மௌனமும் ஒன்றாக இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறு வருசம் சிங்கப்பூர் வாய்ப்பு வந்தது. அப்பா, "அம்மைட்ட சொல்லிட்டியா?" என்றார். அம்மா, "அப்பாட்ட சொல்லிட்டியா?" என்றாள். சார், "போ" என்றார். அந்த ஒரு சொல்லை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வாழ்த்தா, சலிப்பா, இன்னும் பிடிபடவில்லை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது இங்கே அந்தச் செய்தியை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. திருநெல்வேலி என்ற பெயரைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. அடுத்த செய்தி. சாருக்கு அதைப் பற்றி ஒரு கடிதம் எழுத நினைத்தேன், எழுதவில்லை. அவர் எழுதிய ஏழெட்டுக்கு நான் எழுதிய பதில் இரண்டோ மூன்றோ.

1998இல் லீவில் போனபோது பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகியிருந்தார். நலம் விசாரித்து முடித்ததும் சாதாரணமாகச் சொன்னார்: "சாயங்காலமானா ஒங்க அப்பாவும் அம்மையும் திண்ணையில ஒக்காந்து பேசிக்கிட்டுல்லா இருக்காவ. அவரு இல வெட்டுதாரு, அவ சுத்துதா. நீ போன நாலாம் மாசத்துலேருந்து அப்பிடித்தான். தூது போவ ஆள் இல்லைன்னா என்ன செய்வாவ?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றே சொல்லலாம். தெரு முனையிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் திண்ணையில் இருக்கிறார்கள், அம்மாவின் வாய் அசைகிறது. நான் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. அப்பா கத்தரியைக் கீழே வைத்தார். அம்மா அவருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தாள்.

"ஏல, ஒங்க அம்மைட்ட சொல்லு, காப்பி போடச் சொல்லு."

பத்து நாள் லீவும் அப்படியே போனது. ஊருக்கெல்லாம் கேட்டது எனக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசி நாள், செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். வேலைக்காகக் கொண்டுபோயிருந்த ரெக்கார்டரில் அறுபது நிமிடக் கேசட்டைப் போட்டு, ஓடவிட்டு, திண்ணை மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு, சார் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். பாதி வழியில் வெட்கமாகி, ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது ரெக்கார்டர் என் பெட்டியின்மேல் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி அதை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் கேட்டோம்.

பத்தொன்பது நிமிடம் இலையில் கத்தரி ஓடும் சத்தம். ஒரு பஸ். நூல் அறுபடும் சத்தம். அப்புறம் அப்பா தொண்டையைச் செருமுகிறார்.

"ஏல, ஒங்க அம்மைட்ட சொல்லு, மாடக்குழியில சேப்பு லைட்டு எரியுதுன்னு."

நாலு நொடி.

"ஒங்க அப்பாட்ட சொல்லு, மொதல்ல அத அமத்தச் சொல்லு."

அமத்துவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு, முக்கால் நொடி இருக்கும். அம்மா என்றார் சார். எனக்கு அப்பா மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நாலாம் தடவை சாரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு மேடையில் தாளுக்குப் பின்னால் சிரித்த அதே சிரிப்பு. ரெக்கார்டர் எங்களுக்கு நடுவில்தான் இருந்தது. கேசட்டின் மறுபக்கம் முப்பது நிமிடம் காலியாக இருந்தது.