ஸ்வெட்டருக்குள் போடும் ஜாக்கெட்

குன்னூரில் தையல் பழகப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் பேசுவது எண்ணெய் பற்றித்தான். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கிவிடும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் அது உருகியிருக்கும் நேரமே குறைவு. மாமியாரின் பழைய உஷா கால் மெஷின் என் கைக்கு வந்தபோது சக்கரத்தைத் தள்ளினாலும் அசையவில்லை. எப்போதோ விட்ட தேங்காய் எண்ணெய் உள்ளே தூசியோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, கறுப்பாக வழிந்ததையெல்லாம் துடைத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, அப்புறம் தையல் மெஷினுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை விட்ட பிறகுதான் ஓடியது.

தோல் பெல்ட்டும் மலைக்கு வந்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. அந்த ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். நாம் மிதித்துக்கொண்டே இருப்போம், கீழ்ச் சக்கரம் சுற்றும், மேல் சக்கரம் நழுவி நழுவி நிற்கும். பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி, கால் இஞ்ச் வெட்டி, மறுபடி மாட்டினால் போதும். ஒரேயடியாக நிறைய வெட்டிவிடக் கூடாது. ஜனவரியில் காற்று காய்ந்ததும் தோல் தானாகவே இறுகும், அப்போது மிதி கனத்துப் போகும். ஊசிப் பாக்கெட்டையும் திறந்து போட்டு வைக்க முடியாது. எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி டப்பாவில் போடாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் வைக்கும் புள்ளி லேசில் போகாது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அருவங்காட்டில் வீட்டிலேயே வகுப்பு நடத்தும் ஓர் அக்கா. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். ஆரம்பத்தில் நூலே கோக்க விடவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் வெறும் ஊசியை ஓட்டச் சொன்னார். கோட்டின் மேலேயே ஓட்டைகள் விழ வேண்டும், சக்கரம் பின்னால் சுற்றக் கூடாது. வெறுங்காலை இரும்பு மிதியில் வைத்தால் விறைத்துப் போகிறது, தடித்த சாக்ஸ் போட்டால் மிதியின் அசைவு பாதத்துக்குத் தெரிவதில்லை. மெல்லிய பருத்தி சாக்ஸில்தான் எனக்குக் கால் பழகியது.

நூல் கோத்த பிறகு வந்த முதல் பிரச்சினை, துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்வது. சிக்கல் கீழே தெரிகிறதே என்று நான் அடிநூல் உருளையை வைக்கும் பாபின் கேஸின் திருகைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். "கீழ சுருண்டா மேல பாரு கண்ணு" என்றார். காரணம் மேல் நூல்தான். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக உட்காராவிட்டால் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று கீழே இறங்கி அங்கே முடிச்சு போடும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே வாங்கிக்கொள்ளும். மெஷின் பாதத்தைத்தான் சொல்கிறேன், அதைக் கால் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஊசி மாட்டும்போது அதில் நீளமாக ஓடும் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நூலை உள்ளே விட வேண்டும். மாற்றி மாட்டினால் தையல் விட்டு விட்டு விழும், இல்லையென்றால் விழவே விழாது. புதிதாகப் பழகுகிறவர்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைத் தேடும் நேரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

உள்பாவாடை சீக்கிரம் வந்துவிட்டது. நேர்த் தையல், நாடா பட்டி, கீழ் மடிப்பு, அவ்வளவுதான். துணியை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும் என்பதை அதில்தான் கற்றேன். நனைக்காமல் தைத்தது முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கீழே ஊர்களில் காலையில் நனைத்தால் மதியம் வெட்டலாம். இங்கே மழைமாதத்தில் அது காய நாள் கணக்காகும். அதனால் லைனிங் துணி, பாவாடைத் துணி எல்லாவற்றையும் செப்டம்பருக்குள்ளேயே நனைத்துக் காயவைத்துத் தேய்த்து அடுக்கிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

ஜாக்கெட்தான் உண்மையான படிப்பு. அதில் என்னை மிகவும் அலைக்கழித்தது வெட்டும் இல்லை, தைப்பும் இல்லை, அளவெடுப்பதுதான். வகுப்பு நோட்டில் கணக்கு நேராக இருந்தது: மார்புச் சுற்றளவு 36 என்றால் நாலில் ஒரு பாகம் 9, அதோடு தையலுக்கு விடுவது. என் அத்தைக்கு அப்படியே வெட்டித் தைத்தேன். முன்பக்கம் தொங்கியது, தோள் சரிந்து கைமேல் விழுந்தது. கணக்கை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் தப்பே இல்லை. அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அத்தை அன்றைக்கு என்ன போட்டிருந்தார் என்று கேட்டார். "ஸ்வெட்டரை அளந்துட்டு ஆளை அளந்தேன்னு எழுதியிருக்க கண்ணு" என்றார்.

மலையில் இது தினமும் நடப்பது. அளவு கொடுக்க வருகிறவர்கள் ஸ்வெட்டரோடுதான் வருவார்கள். அதைக் கழற்றச் சொல்ல நமக்கும் கூச்சம், குளிரில் கழற்ற அவர்களுக்கும் மனம் வராது. கம்பளி நூல் ஸ்வெட்டருக்கு மேல் இஞ்ச் டேப்பை ஓட்டினால் மார்பில் இரண்டு, மூன்று இஞ்ச் கூடுதலாகக் காட்டும். கையில் ஒன்று, ஒன்றரை. தோளில்தான் பெரிய ஏமாற்று, ஏனென்றால் ஸ்வெட்டரின் தோள் தையல் நம் தோள் எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். அதனால்தான் இங்கே பல தையல்காரர்கள் உடம்பைத் தொடாமலே 'அளவு ஜாக்கெட் கொடுங்க' என்று கேட்டு, அதை மேஜையில் விரித்து அளக்கிறார்கள். அது நல்ல வழிதான், ஆனால் பாதி வழி. பழைய ஜாக்கெட் துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், இல்லை போட்டுப் போட்டு முழங்கையிலும் முதுகிலும் விரிந்திருக்கும். தோள் எவ்வளவு சரிவு, ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதெல்லாம் விரித்துப் போட்ட துணியில் தெரியாது. தலையிலும் முதுகிலும் சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு இரண்டு தோளும் ஒன்றாக இருப்பது அரிது. நான் இப்போது கதவைச் சாத்தி, ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி அளக்கிறேன். அளவு ஜாக்கெட்டையும் வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டுக்கும் அரை இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளப்பேன்.

இன்னொன்று, இங்கே ஜாக்கெட் தனியாக வெளியே தெரிவதே இல்லை, அதன் மேல் எப்போதும் ஒன்று இருக்கிறது. பஃப் கை வைத்துத் தைத்தால் ஸ்வெட்டருக்குள் நசுங்கிச் சுருண்டுவிடும். அக்குளில் தையல் ஓரத்தைத் தடியாக விட்டால் மேலே கம்பளியும் சேர்ந்து நாளெல்லாம் உறுத்தும். அதனால் ஓரத்தைக் குறைத்து வெட்டி ஓவர்லாக் போடுவது இங்கே அவசியம். வயதானவர்கள் பின் கழுத்தை உயர்த்தியும் கையை முழங்கை வரைக்கும் கேட்பார்கள். முழங்கைக் கைக்கு ஒரு நுணுக்கம் உண்டு: கையை நீட்டி வைத்து ஜாக்கெட் கையின் வாய்ச்சுற்றை அளந்தால் மடக்கும்போது இறுக்கும். மடக்கி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கும் ஒரு பெரியம்மா. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பம் அவருடையது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டை யாருக்கோ தைத்தது. தோள் அகலம், கை நீளம், மணிக்கட்டுப் பட்டி கொழுந்துக்குள் போய் நனையும். "எனக்குன்னே ஒண்ணு தைச்சுக் குடு புள்ள, வேலைக்குப் போடுறது" என்று துணியோடு வந்தார்.

நான் தைத்துக் கொடுத்த முதல் சட்டையில் அவரால் கையை முன்னால் நீட்ட முடியவில்லை. நீட்டினால் முதுகு பிடித்தது, தூக்கினால் சட்டை முழுவதும் இடுப்பிலிருந்து மேலே ஏறியது. அக்குள் இறுக்கமாக இருக்கிறது என்று முடிவு செய்து, கையை இணைக்கும் வளைவான ஆர்ம்ஹோலை இன்னும் ஆழமாக வெட்டினேன். முன்னைவிட மோசமானது. இது புதிதாகத் தைக்கிற எல்லோரும் விழும் குழி என்று பிறகு தெரிந்தது. ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க, கை பக்கத் தையலோடு கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும். கையைத் தூக்கும்போது உடம்புத் துணியும் கூடவே எழும்பும். அக்குளுக்குப் பக்கமாக, அதை உறுத்தாத அளவுக்கு உயரத்தில் ஆர்ம்ஹோல் இருந்தால்தான் கை தனியாக அசையும். அக்கா வேறு துணியில் வெட்டிக் காட்டினார்: ஆர்ம்ஹோலை உயர்த்தினார், சட்டைக் கையின் மேல் வளைவின் உயரத்தைக் குறைத்து அந்தக் கையையே அகலமாக்கினார், தோள் பட்டிக்குக் கீழே முதுகில் விரிந்து கொடுக்கும் ஒரு மடிப்பு, அதாவது ப்ளீட், வைத்தார். நாளெல்லாம் இரண்டு கையும் முன்னால் இருக்கும் வேலை அது. முதுகில் இடம் வேண்டும், மார்பில் வேண்டியதில்லை. ஆனால் கையைத் தொங்கவிட்டு நின்றால் அந்தச் சட்டை அக்குளில் கொஞ்சம் சுருக்கம் காட்டும். அழகுக்கு நிற்கும் சட்டையும் வேலைக்குப் போகும் சட்டையும் ஒரே வெட்டில் வராது என்று அக்கா சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சட்டைக் கையில் முன், பின் என்று உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன் வளைவு கொஞ்சம் அதிகம் குழிந்திருக்கும். இரண்டு கையையும் ஒன்றாக அடுக்கி வெட்டியதும் முன்பக்கத்தில் சாக்கால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மாறிப்போனால் கை முறுக்கிக்கொண்டு நிற்கும், எதனால் என்று கண்டுபிடிக்கவே நேரமாகும்.

துணியின் நூலோட்டம் பிடிபட்டது ஊட்டியில் தோடர் எம்ப்ராய்டரி போடும் ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை அது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, படம் வரையாமல், சட்டமும் மாட்டாமல், பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணியே பூத்துக்குளி என்கிற தங்கள் போர்வையை முடிக்கிறார்கள். ஒரு நூல் தவறினால் அந்த வரிசையே கோணிவிடும். அதுவரை துணி என்றால் எனக்கு ஒரே பரப்பு. அன்றைக்குத்தான் அது இரண்டு திசை நூல்கள் என்பது கண்ணில் பட்டது. என் கழுத்துப் பட்டிகள் ஏன் சுருங்கிச் சுருங்கி நின்றன என்பதும் தெளிந்தது. நேர் நூலில் வெட்டிய பட்டி வளைவில் வளைந்து கொடுக்காது. துணியை மூலைக்கு மூலை மடித்து, 45 டிகிரி குறுக்கில் வெட்டிய கிராஸ் பீஸ் மட்டுமே கழுத்தைச் சுற்றி அமைதியாகப் படியும். அதை வைக்கும்போது இழுக்காதீர்கள், வளைவில் லேசாக விட்டுக்கொடுத்தே தையுங்கள்.

குளிர்காலத் துணிகளுக்குச் சுருக்கமாக: பருத்தி ஜாக்கெட்டுக்கு 14 நம்பர் ஊசி போதும், ஃபிளானல், கார்டுராய் என்றால் 16 மாட்டி, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டுராயில் ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டாவிட்டால் ஒரு பாகம் கறுத்தும் ஒரு பாகம் வெளுத்தும் தெரியும். அதனால் துணி கூடுதலாகச் செலவாகும். கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் வாங்கும்போதே கால் மீட்டர் சேர்த்து வாங்கிவிடுவேன், மலைக்கு வந்த பிறகு அதே நிறம் கிடைக்காது.

பெரியம்மாவுக்கு அப்புறம் லைன் வீடுகளிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் கேட்பது காலர் வைத்த சட்டை, வெயிலுக்கும் அட்டைப் பூச்சிக்கும் கழுத்து மூடியிருக்க வேண்டும் என்று. காலர் எனக்கு இன்னும் கைவரவில்லை, நுனி மேல்நோக்கித் திரும்பிக்கொள்கிறது. மேல் காலரையும் கீழ்க் காலரையும் ஒரே அளவில் வெட்டுவதால் வருவது அது என்கிறார் அக்கா. கீழ்த் துண்டை ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், குறைத்து வெட்டி, மேல் துண்டை லேசாக விட்டுக்கொடுத்துத் தைத்தால் நுனி தானாக உள்ளே இறங்குமாம். பழைய வேட்டித் துணியில் வெட்டி வைத்திருக்கிறேன். அதில் சரியாக உட்கார்ந்தால்தான் அவர்கள் கொடுத்த துணியில் கத்தரி வைப்பேன்.