மீட்டர் பெட்டிக்குள் ஓர் ஆன்டெனா

இன்டர்ன்ஷிப்பில் ஆறு வாரம் முடிந்துவிட்டது. ஸ்மார்ட் மின்மீட்டர் தயாரிக்கும் இடம். வீட்டுக்கு ஆள் வராமலேயே ரீடிங்கை அனுப்பும் அந்தச் சின்ன ரேடியோதான் என் வேலை. இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. அலைநீளம் சுமார் 35 செ.மீ.; கால் அலை ஆன்டெனா என்றால் எட்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை மடக்கி மடக்கி போர்டின் ஓரத்தில் அடக்கியிருக்கிறார்கள்.

போன வாரம் மேசையில் வைத்து அளந்தபோது ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் சக்தி மைனஸ் 18 டெசிபல்; அதாவது அனுப்புவதில் இரண்டு சதவீதம்கூடத் திரும்பவில்லை. சந்தோஷமாக இருந்தது. சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பெட்டிக்குள்ள வச்சுப் பாத்தியாம்மா?"

இரும்புப் பெட்டி, முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக். வைத்தேன். மைனஸ் 4. அதாவது அனுப்பும் சக்தியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அப்படியே திரும்புகிறது. திரையில் கோடு இறங்கும் பள்ளமே, அதாவது மிகக் குறைவாகத் திரும்பும் இடமே, வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிட்டது. இதை வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் போர்டை இரும்புத் தகட்டின் பக்கம் கொண்டுபோகப் போக அந்தப் பள்ளம் நகர்வதைக் கண்ணால் பார்ப்பது வேறு!

பள்ளத்தைப் பழைய இடத்துக்கு இழுக்க, அப்புறம் இரண்டு நாள் மைக்ரோஸ்கோப்பும் ட்வீசரும்தான். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கெபாசிட்டரைக் கழற்றி, வேறொன்றைச் சால்டர் செய்து, பெட்டியை மூடி, மறுபடி அளந்து... நேற்று சாயங்காலம் மூடிய பெட்டிக்குள்ளேயே மைனஸ் 12 வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "சரி, இனி பவர் சப்ளை இரைச்சலைப் பாரு" என்றார். காதில் கேட்கும் சத்தமல்ல, ரேடியோவைக் குழப்பும் மின் இரைச்சல்.

திங்கட்கிழமை அதைத்தான் தொடங்குகிறேன்.