22-1-1984

என் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு தேதி இருக்கிறது. 22-1-1984. கீழே 'இரட்சிக்கப்பட்ட நாள்' என்று எழுதி, அதன் மேலேயே கொட்டைப்பாக்கு அளவுக்கு மைக்கறை. கறை நிஜம். தேதி நானாகப் போட்டது.

பசுமலை விடுதியில் ப்ளஸ் ஒன் படித்த வருஷம் அது. சனிக்கிழமை மத்தியானம் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுத் திண்ணையில், சபையில் முழு அங்கத்தினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பு. பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், எங்கள் நம்பிக்கையை வரிவரியாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணம் மூன்றையும் தட்டாமல் ஒப்பித்தால் ஐயரம்மா சுட்ட முறுக்கு கிடைக்கும். நான் 'பரிசுத்த பொதுச் சபையும்' என்றதும் நேராகப் 'பாவமன்னிப்பும்' என்று தாவிவிடுவேன். "பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தை எங்கடா விட்ட?" என்பார் ஐயர். முறுக்கு பாதியாகும். எனக்கு ஒன்றும் உணர்வே வரவில்லை என்று ஒருநாள் முறையிட்டேன். "உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப நீ தூங்கிக்கிட்டு இருந்த தம்பி. கர்த்தர் தூங்கல" என்றார்.

அப்புறம்தான், மனந்திரும்பச் சொல்லி அழைக்கும் அந்த எழுப்புதல் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்? தேதி தெரிந்தவன் எழுந்து நில்" என்றார். உசிலம்பட்டிக்காரன், என் பக்கத்துப் படுக்கை, அழுதுகொண்டே எழுந்தான். அவன் கண்ணீரை நான் அன்றும் சந்தேகப்படவில்லை, இன்றும் இல்லை. வரிசையே எழுந்துவிட்டது. ஜமுக்காளத்தில் நான் மட்டும் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? எழுந்தேன். ராத்திரி பேனாவைக் கடன் வாங்கித் தேதியையும் போட்டேன்.

பிழைப்புக்காக மாசசூசெட்ஸ் வந்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. 1630-களிலேயே, இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேறிய பியூரிட்டன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் சபைகளில் முழு அங்கத்தினராக வேண்டுமானால், கிருபை தன்னைத் தொட்ட கதையைச் சபை முன்னால் சொல்ல வேண்டும். அந்த அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலருக்குச் சொல்ல அப்படியொரு கதை இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தபோது, 'இந்தக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா?' என்று கேள்வி வந்தது. 1662-இல் 'உண்டு' என்று ஒரு சமரசம் செய்தார்கள். கேலியாக அதற்குப் 'பாதி உடன்படிக்கை' என்று பெயர். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இந்தச் சபைகளின் வழி வந்ததுதான். அப்படியென்றால் ஜமுக்காளத்தில் நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை! தேதி உள்ளவர்கள் இல்லாமலும் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24, இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி முன்னால். ஆனால் அதற்கு ஏறக்குறையப் பத்து வருஷம் முன்பே அவர் குருப்பட்டம் பெற்றுவிட்டார்.

மனைவியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபம் வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் தன்பாட்டுக்கு விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. 'பரிசுத்த பொதுச் சபையும்' வரை வந்து, வழக்கம்போலத் தாவியது. "எங்கடா விட்ட?" என்று கேட்டது. திரும்பிப் போய் அந்த வரியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். "அப்பா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஹீரோ பேனா ஒழுகிருச்சும்மா" என்றேன்.