எஸ்டீம் ரோல் கேஜ்: கூரைப் பக்க வெல்டிங் முடிந்தது, இனி பெல்ட் கணக்கு

குன்னூர் ஷெட்டில் ரேலிக்காக நிற்கும் மாருதி எஸ்டீம் காரில் ரோல் கேஜின் (கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் பைப் கூண்டு) மேல் மூட்டுகள் எல்லாம் முழுச் சுற்றும் வெல்டாகிவிட்டன. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் லைட் அடித்து, கூரைப் பக்கம் உட்பட ஒவ்வொரு மூட்டையும் பார்த்தாயிற்று. விட்டுப்போன இடம் ஒன்றுமில்லை. விலைக்கு வரும் பழைய ரேலி கார்கள் பலவற்றில் ஹூப்பின் (இருக்கைக்குப் பின்னால் குறுக்கே நிற்கும் வளைந்த பைப்) கீழ்ப்பக்க வெல்ட் அழகாக இருக்கும். கூரையை ஒட்டிய பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் புட்டியும் பெயின்டும்தான் தட்டுப்படும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் அப்பெண்டிக்ஸ் ஜே, 253-ஆம் பிரிவு, பைப்பின் சுற்றளவு முழுக்க வெல்ட் கேட்கிறது. கார் உருண்டால் மூட்டு கிழியத் தொடங்குவது வெல்ட் இல்லாத ஓரத்தில்தான், அதனால் இதில் சமரசமே கூடாது.

முதலில் பைப். மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. சுவர், இல்லையென்றால் 50-க்கு 2. மற்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. கோல்டு ட்ரான் சீம்லெஸ் (சூடாக்காமல் இழுத்த, தையலில்லாத பைப்), கார்பன் 0.3 சதவீதத்துக்குள், இழுவலிமை சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன். 45-க்கு 2.5 மீட்டருக்கு 2.62 கிலோ வரும், 50-க்கு 2 மீட்டருக்கு 2.37 கிலோ. எடை குறைகிறதே என்று 50-ஐ எடுக்கத் தோன்றும். எஸ்டீமில் தலைக்கு மேல் இருக்கும் இடமே கொஞ்சம். அதில் இன்னொரு 5 மி.மீ. போய்விடும், சுவர் மெலிந்திருப்பதால் வளைக்கும்போது சுருக்கமும் சீக்கிரம் விழும். அதனால் இங்கே 45, 38.

கடையில் "ரெண்டும் ஒரே ஸ்ட்ராங்குதான் சார்" என்று இ.ஆர்.டபிள்யூ. (தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்ட் செய்த) பைப்பைக் காட்டுவார்கள். சீம்லெஸை விட அது நன்றாகவே மலிவு. வாங்க வேண்டாம். பைப்பின் உள்ளே நகத்தை ஓட்டினால் நீளவாக்கில் தையல் மேடு தட்டுப்படும். மேட்டைச் சீவி இழுத்த பைப்பென்றால் நகத்துக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அங்கே டெஸ்ட் சர்டிஃபிகேட்தான் துணை. சர்டிஃபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) பைப்பில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டில் ஒரு சாண் நீளம் நம்பரோடு எடுத்து வையுங்கள். பிறகு யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு வேறு எதுவும் கையில் இருக்காது.

வேலை நின்றுபோனது வளைக்கிற இடத்தில். கீழே ஒரு பட்டறையிலிருந்து வந்த முதல் ஹூப்பை வெர்னியரில் வைத்தால் வளைவில் ஒரு பக்கம் 47.4, மறுபக்கம் 41.6. சிறிய விட்டத்தைப் பெரியதால் வகுத்தால் 0.9-க்குக் குறையக் கூடாது என்பது விதி. இதில் 0.88 கூட வரவில்லை. காரணம் தெளிவு. அந்த ஹைட்ராலிக் பெண்டர் தண்ணீர் பைப்புக்கானது. ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48.3, ஒன்றேகால் இன்ச் 42.4. நம்முடைய 45 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 48.3-க்கான ஷூவில் (பைப் உட்காரும் அச்சில்) வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல் இடைவெளி, அங்கே தாங்கல் இல்லை, பைப் அந்தப் பக்கமாகப் பிதுங்கித் தட்டையாகிறது. மணல் அடைத்துச் சூடுபண்ணி வளைக்கலாமே என்று யோசனை சொல்வார்கள். விதி குளிர் நிலையில் வளைக்கச் சொல்கிறது, பைப்பின் நடுக்கோட்டு ஆரம் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 45-க்கு அது 135 மி.மீ., 38-க்கு 114.

தீர்வு மாண்ட்ரல் பெண்டிங், அதாவது பைப்புக்குள் தாங்கு கட்டை விட்டு வளைப்பது. கோவையில் சைலன்சர் பைப் வளைக்கிறவர்களிடம் மெஷின் இருக்கும், ஆனால் டை (வளைக்கும் அச்சு) எல்லாம் சைலன்சர் அளவில் இருக்கும். போனில் "ரோல் கேஜ் வளைப்பீங்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "45 டை இருக்கா, அதோட ஆரம் எவ்வளவு" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் பைப்பைக் கொடுங்கள். புதிய டை செய்யச் சொன்னால் ஒரு கேஜுக்குக் கட்டுப்படியாகாது; இரண்டு மூன்று கார்க்காரர்கள் சேர்ந்தால் நடக்கும். கோத்தகிரிப் பக்கம் மாருதி ஜிப்ஸி கட்டுகிறவர்களும் 45-தான் போடப் போகிறார்கள், அடுத்த டையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கூரைப் பக்கம். ஹூப் கூரையை எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நல்லது, அவ்வளவுக்கு மிக் வெல்டிங் கன் நுழையாது. கூரையை வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுவது ஒரு வழி. மழைக்காலத்தில் அந்த ஓரத்தில் நீர்க்கசிவு நிற்கவே நிற்காது. இங்கே செய்தது தரையில் ஓட்டை போட்டு மொத்தக் கேஜையும் கீழே இறக்குவது.

ஹூப்பின் இரண்டு கால், ஏ-பில்லர் (முன்கண்ணாடி ஓரத் தூண்) பைப்புகளின் இரண்டு கால், இவை உட்காரும் இடத்தில் தரைத்தகட்டில் 70 மி.மீ. ஹோல்-சாவால் துளை. முன்கால்கள் சாய்ந்து இறங்குவதால் அங்கே மட்டும் துளையை முன்பின்னாக நீட்ட வேண்டும். துளை போடுவதற்கு முன் அடியில் படுத்து பிரேக் லைன், பெட்ரோல் லைன் இரண்டையும் கழற்றிவிடுங்கள். டேங்கும் இறங்கியிருக்க வேண்டும், தார்ப்பட்டையும் சுரண்டியிருக்க வேண்டும். பிறகு கேஜைச் சரியான உயரத்தில் நிறுத்தி டேக் வெல்ட் (இடம் மாறாமல் பிடிக்கும் சின்னப் பொட்டு). ஒவ்வொரு மூட்டிலும் நான்கு டேக், அதில் குறைந்தது ஒன்று கூரைப் பக்கத்தை எட்டினால் நல்லது. டேக் ஆனதும் கால்களைத் துளை வழியே 120 மி.மீ. இறக்கினால் கூரைக்கும் பைப்புக்கும் நடுவே கை தாராளமாகப் போகும். மேல் ஓரம் முழுக்க வெல்ட் அடித்து, ஆறவிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, துளைகளின் மேல் 3 மி.மீ. தகடு.

பேக் ஸ்டே (ஹூப்பைப் பின்னாலிருந்து தாங்கும் பைப்) இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. சாய்வாக வந்து வீல் ஆர்ச்சில் உட்காருவதால் இறக்கினால் இடிக்கும். அவற்றைக் கேஜ் மேலே போன பிறகு, பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வழியாகக் கையை விட்டு அடிக்க வேண்டும். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குக் குறையாத சாய்வு வேண்டும் என்பதை பைப் வெட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டின் பரப்பு காலுக்கு 120 சதுர செ.மீ. 120-க்கு 100 மி.மீ. வெட்டினால் எண்ணிக்கை சரியாக வரும், மூலையை உருட்டினதும் குறைந்துவிடும். 130-க்கு 110 வெட்டி, ஒரு பக்கத்தைக் கதவுக்கு அடியில் ஓடும் சில்லின் மேல் ஏறும்படி மடக்கினால் இரண்டு திசையிலும் பிடிக்கும். ஒவ்வொரு காலுக்கும் எம்8 போல்ட் மூன்று, தலையில் 8.8 குறி இருக்க வேண்டும். பேக் ஸ்டேக்கு 60 சதுர செ.மீ., இரண்டு போல்ட். தரைத்தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது, 3 மி.மீ.யோடு ஒட்டும்போது ஓட்டை விழும். ஆர்க்கைத் தடித்த தகட்டில் தொடங்கி மெல்லியதன் பக்கம் தள்ளுங்கள், 25 மி.மீ. அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் காலையில் பைப்பைத் தொட்டால் ஈரம். அப்படியே அடித்தால் வெல்டுக்குள் ஊசித்துளை. மூட்டைச் சுற்றி இரு பக்கமும் ஒரு கை அகலத்துக்கு ஹீட் கன்னால் சூடுகாட்டி, பளபளப்பு வரத் தேய்த்து, உடனே அடிக்க வேண்டும். 7018 வெல்டிங் ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் வறுக்க வசதியில்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். 0.8 மி.மீ. இஆர்70எஸ்-6 வயர், ஆர்கான் 80 கார்பன் டை ஆக்சைடு 20 கலவை, நிமிடத்துக்கு 12 லிட்டர், 100 ஆம்பியர் சுற்றில் 2.5 மி.மீ. சுவர் நன்றாக ஊடுருவுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும் நேரத்தில் கேஸ் கலைந்துவிடும், ஷெட் கதவைச் சாத்திவிடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது வெல்ட் மேலே குவிந்து உட்காரும், உள்ளே இறங்காது. நீள ஒயர் இழுப்பதென்றால் 4 சதுர மி.மீ.க்குக் குறைந்து வேண்டாம். அடித்து முடித்த மூட்டை ப்ரைமர் இல்லாமல் ஒரு ராத்திரி விட்டாலே செம்மண் நிறம் வந்துவிடும். அடிக்கப்போகும் மூட்டைச் சுற்றி 50 மி.மீ. மட்டும் வெறுமையாக விட்டு மற்றதை மூடுங்கள்.

கேஜ் வரை பணம் உள்ளூரிலேயே சுற்றுகிறது. அடுத்த கட்டம் அப்படியில்லை. சீட், ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்), ஹெல்மெட், மோதும்போது தலை முன்னால் பாயாமல் பிடித்துக் கழுத்தைக் காக்கும் எஃப்.எச்.ஆர்., ஓவரால், எல்லாம் டாலரிலும் யூரோவிலும் விலை. 2014-ல் 60 ரூபாய் பக்கம் இருந்த டாலர் 2024-ல் 83-ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு விலை அசையவே இல்லை என்று வைத்தாலும் நமக்கு 38 சதவீதம் கூடுதல். சுங்க வரியைச் சேர்த்த தொகை மேல் ஐ.ஜி.எஸ்.டி. போடுகிறார்கள், கப்பல் கட்டணம் தனி. பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர்களை இதுதான் துரத்துகிறது. விதி தவறு என்று சொல்ல மனமில்லை, ஒவ்வொன்றும் ஓர் உயிரைக் காக்க வந்ததுதான். ஆனால் எந்த லேபிளுக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

லேபிளில் இருக்கும் எண் எஃப்.ஐ.ஏ. தரம். பழைய 8853/98 ஹார்னஸுக்கு ஆயுள் 5 ஆண்டாக இருந்தது, 8853-2016-க்கு 10. சீட்டிலும் 8855-1999 என்றால் 5, 8855-2021 என்றால் 10. புதியதன் விலை பார்த்ததும் கை பின்வாங்கும். ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், பழைய லேபிள்தான் பல இடங்களில் விலை கூடியது. கணக்கு வாங்கிய தேதியிலிருந்து ஓடுவதில்லை, தயாரித்த தேதியிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் வரும் சரக்கு இரண்டு வருடம் கோடவுனில் தூங்கியதாக இருந்தால் தள்ளுபடி அங்கேயே கரைந்துவிட்டது. லேபிளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் போடுங்கள். பைக் ஹெல்மெட் எவ்வளவு விலையானாலும் சேராது. அதில் தீக்கான சோதனையும் ரோல் பார் மீது மோதும் சோதனையும் கிடையாது. ஸ்நெல் அமைப்பு கார் பந்தய ஹெல்மெட்டுக்குத் தரும் எஸ்.ஏ. குறி வேண்டும், எஸ்.ஏ.2020 மாதிரி. எஃப்.எச்.ஆர். கொக்கிக்கான எம்6 துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஷெட்டில் பாக்கி ஹார்னஸ் பார், தோள் பெல்ட்டைக் கட்டும் குறுக்குப் பைப். 38-க்கு 2.5 பைப்பை ஹூப்பின் குறுக்கே வைக்க வேண்டும், உயரம்தான் சிக்கல். எஃப்.எச்.ஆர். போட்டால் தோள் பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. பார் தோளுக்கு 300 மி.மீ. பின்னால் இருந்தால் 50 மி.மீ. தாழ்வு ஒன்பதரை டிகிரி தரும், 110 மி.மீ. தாழ்ந்தால் 20-ஐத் தொட்டுவிடும். அதிகம் இறங்கினால் மோதும்போது பெல்ட் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். அதனால் சீட்டும் பிராக்கெட்டும் முதலில். 3 மி.மீ. ஸ்டீல் பிராக்கெட், காருக்கு எம்8 நான்கு, அடியில் எதிர்த்தகடு ஒவ்வொன்றும் 40 சதுர செ.மீ. ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்த நிலையில் தோளிலிருந்து ஹூப்புக்கு நூல் கட்டி, ஆங்கிள் மீட்டரை அதன் மேல் வைத்துக் குறி போட்ட பிறகுதான் பார் வெட்டுவது. இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டருக்குத் தனி அளவு. இரண்டு பேர் உயரமும் மிகவும் வித்தியாசப்பட்டால் குட்டையானவர் சீட்டை உயர்த்தினால் போதும், பார் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

கடைசியாகத் தீயணைப்பான். கையில் எடுக்கும் வகையென்றால் பவுடர் 2 கிலோ அல்லது ஏ.எஃப்.எஃப்.எஃப். நுரை 2.4 லிட்டர். இரண்டு உலோகப் பட்டை, முன்பக்கம் சிலிண்டர் பாய்ந்துவிடாத தடுப்புக் கொக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. நேவிகேட்டர் காலடியில் பிராக்கெட்டுக்கு எதிர்த்தகடு வெட்டியாயிற்று. சீட் லேபிள் படம் வந்ததும் ஆர்டர் போட வேண்டும்; அதற்குள் ஏ-பில்லர் மூட்டுகளுக்கு இரண்டாம் கோட் ப்ரைமர்.