மைனா நடை

நவம்பரில் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிவந்தோம். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எல்லா வீட்டிலும் ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை பின்பக்கப் புல்தரையில் ஏழெட்டுக் கறுப்புப் பறவைகள். பெயர் தெரியாது. ஆனால் அந்த நடை எனக்குத் தெரியும். சிட்டுக்குருவி போலத் தத்தாமல், கால் மாற்றி வைத்து, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல விறுவிறுவென்று. மைனாவேதான்! பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். 'ஸ்டார்லிங்' என்றார். மைனாவும் இதுவும் ஒரே குடும்பம் என்று பிறகு படித்தபோது, அந்நிய ஊரில் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

தூரத்தில்தான் கறுப்பு. வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் மின்னும். குளிர்காலத்தில் சுண்ணாம்பு தெளித்ததுபோல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இறகு நுனிகள் தேயத் தேயப் புள்ளிகள் மறைந்து, வசந்தத்தில் பளபளப்பு மட்டும் மிஞ்சுகிறது. அலகும் மஞ்சளாகிவிடும். அந்த அலகை மண்ணில் செருகி, உள்ளேயே விரித்துத் துளையைப் பெரிதாக்கிப் புழு எடுப்பதை மணிக்கணக்காகப் பார்க்கலாம்.

ஏப்ரலில் ஒரு ஜோடி எங்கள் கூரை ஓட்டுக்கு அடியில் கூடு கட்டியது. ஆண் பறவை விளிம்பில் நின்று சீழ்க்கை அடிக்கும், சொடக்குப் போடும், நடுவே கடற்காகம் போலவும் கத்தும். வாடகை வீடு அது. சொந்தக்காரர் ஓட்டையை அடைக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அப்போது உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புழக்கத்தில் இருக்கும் கூட்டைக் கலைக்க 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தராது என்று பாட்டிதான் சொன்னார். ஹீட்டர் பழுதானபோதுகூட வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்யத் தயங்கியவள் நான். அன்று போனை எடுத்து, குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் ஏறக் கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். சரி என்றார். மூன்று வாரத்தில் சாம்பல் பழுப்பு நிறத்தில் நான்கு குஞ்சுகள் வெளியே வந்தன.

பிரிட்டனில் இவை வெகுவாகக் குறைந்து, ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. சாதாரணப் பறவைதானே என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்த குளிர்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு, கடலுக்குள் நீளும் பலகைப் பாலமான பேலஸ் பியருக்குப் போனேன். ஐரோப்பாவின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருபவையும் அப்போது சேர்ந்துகொள்ளும். அந்தி வானத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே துணியாக விரிந்தன, சுருங்கின, முறுக்கிக்கொண்டன. ஒவ்வொன்றும் தன்னருகே உள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்துத் திரும்புகிறதாம், ரோமில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அப்புறம் சட்டென்று எல்லாம் பாலத்துக்கு அடியில் இறங்கிவிட்டன. காலடியில் ஒரே கலகலப்பு. மகள் குனிந்து பலகை இடுக்கில் காதை வைத்துக்கொண்டாள்.