2001 மலரில நான் எழுதினதுக்கு ஒரு திருத்தம்

சேர் மோசம் போயிட்டார் எண்டு எங்கட பழைய மாணவர் வட்சப் குறூப்பில வந்த நேரம் நான் வாசல்ல பனி வழிச்சுக்கொண்டு நிண்டனான். கையுறையக் கழட்டி வாசிச்சிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டு மிச்சப் பனியையும் வழிச்சு முடிச்சன், வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. உள்ள வந்து பாத்தா அதுக்கிடையில கும்பிடுற கை 60, 70 வந்திட்டுது, கொஞ்சப்பேர் ஆத்மா சாந்தி எண்டும் போட்டிருந்தினம், அதைச் சேர் பாத்திருந்தா "சாந்தி ஆரடா, எந்த வகுப்பு" எண்டு கேட்டிருப்பார்.

அடுத்தநாள் பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி போன் எடுத்தார். "அண்ணை, நீங்கள்தான் எழுதோணும், நீங்கள் அவற்ற செல்லப்பிள்ளையெல்லே, 'விசுவாச வீரர்' எண்டு தலைப்பும் போட்டிட்டம், மூண்டு பக்கம் காணும்." தலைப்பை எடுத்தா எழுதுறன் எண்டன். தம்பிக்கு விளங்கேல்ல, சரி அண்ணை எண்டிட்டு வைச்சிட்டார்.

பேர் எழுதப்போறேல்ல. எங்கட செற்றுக்கும் அதுக்குப் பிறகு ஒரு பதினைஞ்சு வருசம் படிச்ச ஆக்களுக்கும் 'சிவப்புப் பேனை' எண்டா விளங்கும். தமிழும் கிறிஸ்தவமும் படிப்பிச்சவர், ரெண்டுக்கும் ஒரே பேனை. சப்பலில நீங்கள் ஜெபம் சொல்லி முடிச்சு ஆமென் எண்டு கண்ணைத் திறந்தா மூண்டாவது வாங்கில இருந்துகொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார், எத்தினை 'ஆண்டவரே' எண்டு. பிறகு வெளியில வைச்சு, "14 தரம் கூப்பிட்டீர், அவருக்குக் காது நல்லாக் கேக்கும்" எண்டுவார். பெடியளை அவர் எப்பவும் நீர் எண்டுதான் கூப்பிடுறது, கோவம் வந்தா மட்டும்தான் டா. அதால டா எண்டு கேட்டாலே எங்களுக்குக் கால் நடுங்கும்.

அவற்ற மிசன்காரர் கதை ஞாபகம் இருக்குத்தானே. 1815 ஒக்ரோபரில அமெரிக்காவில கப்பல் ஏறி 1816 மார்ச்சில கொழும்பில இறங்கின ஆக்கள், அஞ்சு மாசம் கடல். வாரன் போதகர் நெஞ்சு வருத்தத்தோட திரும்பிப் போகேக்க 1818 இல கேப் ரவுணில செத்துப்போனார், றிச்சட்ஸ் போதகர் 1822 இல தெல்லிப்பழையில. ஹரியற் வின்ஸ்லோ அம்மா 1824 இல உடுவிலில பெட்டையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் துவங்கி, 1833 இல மோசம் போனா, வயசு 36. சேர் இந்த வருசமெல்லாத்தையும் கரும்பலகையில கணக்கு மாதிரி ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதி, கடைசியில கோடு கீறி, கூட்டாமலே விட்டிடுவார். "இவை நீந்தப் பழகிப்போட்டுக் கடலுக்கு வந்தவை இல்லை" எண்டுவார். அந்த வசனம் எனக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. அதுதான் வினை.

1981, யாழ்ப்பாண நூலகம் எரியுறதுக்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு 14 வயசு. மாணவர் கிறிஸ்தவக் கூட்டத்தில, பைபிளில இயேசுவிட்டப் போகப் பேதுரு தண்ணியில நடந்த பகுதியை எடுத்து நான் பேசினனான், இருபது நிமிசம், குறிப்பில்லாமல். படகை விட்டு இறங்குங்கோ, அலையைப் பாக்காதேங்கோ, கரையைப் பாக்காதேங்கோ எண்டு கையை ஆட்டி ஆட்டி ஒரே வெளுவை. பெரிய வகுப்பு அண்ணைமார் கை தட்டினவை. சேர் மட்டும் ஒண்டும் சொல்லேல்ல. அந்தச் சனிக்கிழமை விடுதிப் பெடியளைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கேணியடி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இஞ்சால நல்ல தண்ணி, மதிலுக்கு அங்கால கடல். எல்லாரும் மதில்ல ஏறிக் குதிக்கிறாங்கள், நான் துவாயைக் கழுத்தில சுத்திக்கொண்டு படியில இருந்து காலை நனைச்சுக்கொண்டு இருந்தன், எனக்கு நீந்தத் தெரியாது. சேர் தண்ணிக்குள்ள நெஞ்சளவில நிண்டுகொண்டு என்னைப் பாத்து, "பிரசங்கியார், மதில்ல ஏறும்" எண்டார். ஏறினன். "குதியும், நான் நிக்கிறன்." ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிண்டவர். சுத்தி ஒரு 30 பெடியள் இருப்பாங்கள், முதல்ல சத்தம் போட்டாங்கள், பிறகு எண்ணினாங்கள், ஒண்டு ரெண்டு மூண்டு, பிறகு திரும்பவும் ஒண்டு ரெண்டு மூண்டு, பிறகு எல்லாரும் அமைதியாகிட்டாங்கள், அந்த அமைதிதான் கொடுமை. எவ்வளவு நேரம் நிண்டனெண்டு தெரியாது. குதிக்கேல்ல. மதிலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பின்பக்கத்தால இறங்கி வந்திட்டன்.

சேர் கையைக் கீழ விட்டிட்டு, "அற்ப விசுவாசியே" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். ஆனா பஸ்ஸில திரும்பி வரேக்கையே அது 'அற்பர்' ஆகிட்டுது, ஏ.எல் முடியுமட்டும் நான் அற்பர்தான். இப்பவும் ஸ்காபரோவில தமிழ்க்கடையில மரக்கறி தெரிஞ்சுகொண்டிருந்தா பின்னால இருந்து "டேய் அற்பர்" எண்டு ஒரு குரல் வரும், பக்கத்தில மனுசி நிப்பா.

பகிடி என்னெண்டா அந்தப் பட்டமே எனக்குக் கூட. பைபிளில அற்ப விசுவாசி எண்டு இயேசுவிட்ட ஏச்சு வாங்கின பேதுரு படகை விட்டு இறங்கினவர். படகுக்குள்ள பேசாமல் குந்திக்கொண்டிருந்த மற்றப் பதினொரு பேருக்கும் ஆரும் ஒரு பட்டமும் வைக்கேல்ல. நான் அந்தப் பதினொண்டில ஒராள்.

அடுத்த கிழமை வகுப்பில அதே பகுதியைச் சேர் திரும்ப எடுத்தார், என்ர பக்கம் பாக்காமல். பேதுரு தன்ர பாட்டில குதிக்கேல்ல, முதல்ல இயேசுவிட்டக் கேட்டவர், "நீரேயானால் நான் ஜலத்தின்மேல் நடந்து உம்மிடத்தில் வரக் கட்டளையிடும்" எண்டு. 'வா' எண்டு பதில் வந்த பிறகுதான் காலை வைச்சவர். அந்த ஒரு எழுத்தைப் பலகையில பெரிசா எழுதினார். வா. பிரசங்கத்தில நான் அதை விட்டிட்டனெண்டு அப்பதான் எனக்குத் தெரியும். குதிக்கச் சொன்னது பிழையெண்டு எனக்குச் சொன்னவரோ, இல்லாட்டி நான் பேசினது பிழையெண்டு சொன்னவரோ, இண்டைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடேல்ல.

1988 கடைசியில, இந்தியன் ஆமி நிண்ட காலம், நற்சான்றுப் பத்திரம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனன். தோட்டக்காணியை ஈடு வைச்சாச்சு, கொழும்பில ஆக்களை வெளியில அனுப்புற ஏஜென்சி ரெடி. சேர் அப்ப ஒஃபிசில இருந்தவர், பத்திரத்தை எழுதி, ஊதிக் காயவைச்சு, தாறதுக்கு முதல் கேட்டார், "எங்க?" கனடா எண்டன். "தெரிஞ்ச ஆக்கள்?" ஒருத்தரும் இல்லை சேர், ஆபிரகாம் மாதிரித்தான், போற இடம் தெரியாமல் விசுவாசத்தோட வெளிக்கிடுறன் எண்டன். சும்மா சொல்லேல்ல, அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னனான், அம்மா அதைச் சொல்லித்தான் அழுகையை நிப்பாட்டினவா. சேர் பத்திரத்தைப் பிடிச்சபடியே, "ஆபிரகாமை ஆரோ கூப்பிட்டது" எண்டார். "உம்மை ஆர் கூப்பிட்டது?"

நான் பத்திரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவர் தந்தார். தாங்ஸ் சேர் எண்டிட்டு வந்திட்டன்.

பிறகு உங்களுக்குத் தெரியும், எல்லாருக்கும் ஒரே கதைதானே, கொழும்பு, சிங்கப்பூர், பேர் சொல்ல விருப்பமில்லாத ரெண்டு எயார்போட், கிழிச்சு ரொய்லற்றில போட்ட பாஸ்போட், ரொறன்ரோ. கோப்பை கழுவினன், இரவில ஒஃபிஸ் துடைச்சன், ஈட்டை மீட்டன், தங்கச்சியைக் கூப்பிட்டன். சபையில சாட்சி சொல்லச் சொன்னா எழும்பி ஆபிரகாம் கதையைத்தான் சொல்லுவன், ஏஜென்சி அதில வராது. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. கர்த்தர் என்னைக் காப்பாத்தினவர், அதில எனக்கு அண்டைக்கும் சந்தேகமில்லை இண்டைக்கும் இல்லை. ஆனா கூப்பிட்டவர் எண்டு நான் சொன்னதுதான்... 2001 மலரில 'விசுவாசத்தின் காலடி' எண்டு நாலு பக்கம் எழுதினன், படத்தோட, கோட்டும் ரையும். கன பேர் போன் எடுத்துப் பாராட்டினவை.

2002 இல யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டுத் திறந்து, அடுத்த ஆவணியில நான் ஊருக்குப் போனன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில இறங்கி ஏறி, முகமாலைச் சாவடியில இறங்கி ஏறி, இடுப்பு முறிஞ்சு போய்ச் சேந்தா சேர் விறாந்தையில கதிரையில இருக்கிறார், மெலிஞ்சு, காது கொஞ்சம் மந்தம், பேனை மட்டும் சேட்டுப் பொக்கற்றில. என்ர கவரை (சங்கக் காசு, பிறகு என்ர காசு கொஞ்சம்) வாங்கித் திறந்து பாக்காமல் பைபிளுக்குக் கீழ வைச்சிட்டு உள்ள போய் ஒரு மலரை எடுத்துக்கொண்டு வந்தார். 2001. என்ர நாலு பக்கமும் சிவப்பு. ஒற்றுப்பிழை 23. 'அழைப்பு' எண்டு நான் ஆறு இடத்தில எழுதியிருந்தனான், ஆறுக்கும் கீழ கோடு, கடைசியானுக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி, சின்னன்.

எனக்கு முகம் எரிஞ்சுது. 36 வயசு, ரெண்டு பிள்ளையளின்ர தேப்பன், திரும்பவும் மதில்ல நிக்கிறன். அதை மறைக்க நான் அவரைப் புகழத் துவங்கினன், சேர் நாங்கள் எல்லாம் ஓடினனாங்கள், நீங்கள்தான் நிண்டனீங்கள், உங்கட விசுவாசம் ஆருக்கு வரும், ரொறன்ரோவில எல்லாரும் அதைத்தான் கதைக்கிறவை எண்டு. சேர் கையைக் காதுக்கு வைச்சுக்கொண்டு வடிவாக் கேட்டார்.

"அப்பிடியா கதைக்கினம்" எண்டார்.

பிறகு சொன்னவர்: 95 ஒக்ரோபர் 30, பின்னேரம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில அறிவிச்ச உடன வெளிக்கிட்டது, மழை, மாமியைக் கதிரையோட சைக்கிளில கட்டி உருட்டிக்கொண்டு போனது, செம்மணி றோட்டில ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம், நாவற்குழிப் பாலத்தடிக்குப் போக விடிஞ்சுபோச்சு. "நான் நடக்கேல்ல. பின்னால நிண்டவை தள்ளினவை. இருந்தா மிதிபட்டிருப்பம். அதில விசுவாசம் என்ன?" அடுத்த வருசம் திரும்பி வந்ததும் அப்பிடித்தான், சாவகச்சேரியில ஒரு வீட்டு விறாந்தையில எவ்வளவு நாளைக்குப் படுக்கிறது, எல்லாரும் திரும்பினவை, நானும் திரும்பினன் எண்டார். "என்னை ஒருத்தரும் வா எண்டும் கூப்பிடேல்ல, இரு எண்டும் சொல்லேல்ல. மாமி படுக்கை. என்னட்டக் காசில்லை. 88 இல காசிருந்திருந்தா உம்மோடயே வந்திருப்பன்."

பகிடிக்குச் சொல்லுறாரோ எண்டு முகத்தைப் பாத்தன். சேரின்ர மனுசி, ரீச்சர், தேத்தண்ணி கொண்டுவந்தவா, அவர் அதுக்குள்ள பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வேற கதைக்குப் போயிட்டார், சப்பல் கூரையைப் பற்றி. இரவில படுக்கேக்க யோசிச்சன், அந்த 30 நிமிசத்தில அவர் என்ர கட்டுரையை மட்டுமில்லை, தன்னைப் பற்றி நாங்கள் எழுதப்போற கட்டுரையையும் திருத்திப்போட்டார். அதுதான் தம்பி, தலைப்பை எடுக்கச் சொன்னது.

ஆனா ஒண்டு. மாமி போய், பிள்ளையள் கொழும்புக்கும் லண்டனுக்கும் போய், ஸ்பொன்சர் கடிதமும் வந்து, அதுக்குப் பிறகும் அவர் போகேல்லத்தானே. ஏன் சேர் எண்டு போனில ஒருக்காக் கேட்டன், "மலர் எந்த விலாசத்துக்கு அனுப்புவியள் பிறகு" எண்டார். நான் போகேல்ல திரும்பி. 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு ஒவ்வொரு வருசமும் போவம் எண்டு மனுசியோட கதைக்கிறது, மோர்ட்கேஜ், பிள்ளையளின்ர படிப்பு, இப்ப பேரப்பிள்ளை. செத்தவீட்டுக்கும் போகேல்ல. சூமில பாத்தன், லைன் விட்டு விட்டு வந்தது.

47 வயசில மகளோட சேந்து கொம்யூனிற்றி சென்ரரில நீச்சல் வகுப்புக்குச் சேந்தனான். படிப்பிக்கிறது ஒரு பத்தொன்பது வயசுப் பெட்டை, எனக்குப் பக்கத்தில எல்லாம் ஏழு எட்டு வயசுக் குஞ்சுகள். நாலாவது கிழமை அவள் தண்ணிக்குள்ள நிண்டு கையை நீட்டி 'ஜம்ப்' எண்டாள். கண்ணை மூடிக்கொண்டு குதிச்சிட்டன். மூக்கெல்லாம் குளோரின். வீட்ட வந்து தலை துடைக்க முதல் சேருக்கு அடிச்சன், அங்க விடிய ஆறு மணி.

"குதிச்சிட்டன் சேர்!"

"ஆர் கதைக்கிறது?"

"அற்பர் சேர், கனடாவில இருந்து. குதிச்சிட்டன், தண்ணிக்குள்ள."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போட்டுதாக்கும் எண்டு நினைச்சன்.

"எவ்வளவு ஆழம்?" எண்டார்.

"நாலடி சேர்."

"நாலடி." சிரிப்போ இருமலோ தெரியாது, கன நேரம் கேட்டது. "அது நிக்கிற தண்ணியெல்லே தம்பி."