19 நரம்பு, 2 கிலோவுக்குள்: மடி ஹார்ப் பட்டறைக் குறிப்புகள்

2025 மே 4, ஞாயிறு

மரத்தில் கை வைக்குமுன் நரம்புக் கணக்கை முடித்தாக வேண்டும். ஹார்ப் என்பது நரம்புகளின் நீளத்தைச் சுற்றிக் கட்டிய சட்டம்: நரம்புகள் கிளம்பும் ஒலிப்பெட்டி, அவை மேலே போய் மாட்டும் கழுத்து, இரண்டையும் இணைத்துத் தாங்கும் தூண். சட்டத்தை முதலில் அழகாக வரைந்துவிட்டு நரம்பைப் பிறகு யோசித்தால், கீழ்ச் சுரங்கள் தொளதொளவென்று கிடக்கும், மேல் சுரங்கள் அறுந்துகொண்டே இருக்கும்.

எடுத்துக்கொண்டது 19 நரம்பு. ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில் ஸட்ஜம் வைத்தால், மந்திர பஞ்சமத்திலிருந்து (196 ஹெர்ட்ஸ்) இரண்டாம் ஸ்தாயி தாண்டிய ரிஷபம் வரை (1175 ஹெர்ட்ஸ்). நரம்பு நைலான், தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பேதான். யாழின் தந்திக்கும் பழைய பெயர் நரம்புதான். கடைக்காரரிடம் தனியாக எந்த வார்த்தையும் தேட வேண்டியதில்லை.

இழுவிசையைக் கிலோவில் பெற ஒரு வரிக் கணக்கு போதும். விட்டம் (மி.மீ.) × நீளம் (மீட்டர்) × அதிர்வெண், இந்தப் பெருக்கலை வர்க்கமாக்கி 0.000365-ஆல் பெருக்குங்கள். நைலானுக்கு இது. ஃப்ளூரோகார்பன் நரம்பு அடர்த்தி கூடியது, அதற்கு 0.00057.

முதல் நரம்புக்கு 600 மி.மீ. நீளம், 1.0 விட்டம்: 5 கிலோ. நடு ஸட்ஜத்துக்கு 480, 0.9: 4.7 கிலோ. அடுத்த பஞ்சமத்துக்கு 360, 0.8: 4.6. மேல் ஸட்ஜத்துக்கு 290, 0.7: 4.1. அதற்கு மேல் பஞ்சமம் 210, 0.6: 3.6. கடைசி ரிஷபம் 150, 0.6: 4.1. இடையில் உள்ளவற்றை இவற்றுக்கு நடுவே சீராக இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் 80 கிலோவுக்குச் சற்று மேல். இதற்குமேல் போனால் 3 மி.மீ. ஒலிப்பலகை (ஒலிப்பெட்டியின் மேல்மூடி) தாங்காது. 50 கிலோவுக்குக் கீழே வந்தால் விரலுக்குப் பிடிமானம் இருக்காது, சத்தமும் சோகையாக வரும்.

சுருளின் மேல் அச்சிட்ட விட்டத்தை நம்ப வேண்டாம். 0.80 என்று போட்டிருப்பது அளவுக்கருவியில் 0.76 காட்டினால் இழுவிசை 10 சதவீதம் போய்விடும்.

மே 7, புதன்

பழுப்புத்தாளில் முழு அளவு வரைபடம். நரம்புகளுக்கு இடையே 13 மி.மீ. இதைக் குறைத்தால் பக்கத்து நரம்பையும் விரல் தட்டும். நரம்புக்கும் ஒலிப்பலகைக்கும் இடையே 35 பாகை. இந்தச் சாய்வில் பலகை மேல் துளைக்குத் துளை 22.7 மி.மீ. விழுகிறது. 18 இடைவெளிக்கு 408 மி.மீ., ஆக ஒலிப்பெட்டி 500 இருந்தால் போதும்.

நரம்புகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றும் பலகையில் கிளம்பும் இடத்திலிருந்து அதனதன் நீளத்தை மேலே அளந்து புள்ளி வைத்தால், கழுத்தின் வளைவு தானே வந்துவிடும். முதல் நரம்பின் அடியைப் பூஜ்யமாகக் கொண்டால் 1, 4, 8, 11, 15, 19-ஆம் நரம்புகளின் மேல்முனை உயரம்: 600, 536, 490, 476, 470, 484. இறங்கி, தட்டையாகி, கடைசியில் லேசாக ஏறுகிறது. ஹார்ப்பின் அந்த அன்னக்கழுத்து அலங்காரத்துக்காக வந்ததல்ல. புள்ளிகள் நெளிந்து வந்தால் ஏதோ ஒரு நரம்பின் நீளம் தப்பு. வளைவைக் கையால் திருத்தக் கூடாது, கணக்கைத் திருத்த வேண்டும்.

மே 11, ஞாயிறு

கழுத்து. காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது.

தேக்கோ வேங்கையோ, ஒரே பலகையில் இந்த வளைவை வெட்டினால், தூண் பக்கம் செங்குத்தாக இறங்கும் பகுதியில் மரத்தின் ரேகை குறுக்கே அறுபட்டு நிற்கும். அங்கேதான் கனத்த நரம்புகளின் ஆணிகள் வரிசையாக வருகின்றன. தபால்தலை ஓரம் போலத் துளை போட்டுவிட்டு 5 கிலோ வீதம் இழுத்தால் எங்கே பிளக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளைவுட்டில் இந்தத் தொல்லை இல்லை, ரேகை இரு திசையிலும் ஓடுகிறது. 12 மி.மீ. பிர்ச் பிளை இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி 24 ஆக்கியாயிற்று.

சாதா கமர்ஷியல் பிளை வேண்டாம். உள் அடுக்குகளில் பொந்து இருக்கும். சுருதி ஆணி அந்தப் பொந்தில் விழுந்தால் ஜென்மத்துக்கும் நிற்காது. பிர்ச் கிடைக்காவிட்டால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை. அதையும் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

ஒட்டியது எபாக்ஸியில். வெள்ளைப் பசை பிடிப்பில் குறைந்ததல்ல. ஆனால் இரவும் பகலும் நிற்காமல் இழுக்கும் பாரத்தில் அது மெல்ல நகர்ந்து கொடுக்கும். பெட்டியின் பக்கங்களுக்கு வெள்ளைப் பசை போதும். கழுத்து, தூண், தோள் மூட்டு (கழுத்து பெட்டியைச் சேரும் இடம்) மூன்றுக்கும் எபாக்ஸி.

மே 15, வியாழன்

ஒலிப்பெட்டி. மேலே 90, கீழே 200 மி.மீ. அகலம். பக்கச்சுவர் 6 மி.மீ., பின்பலகையும் ஒலிப்பலகையும் 3 மி.மீ. பிளை. இரு முனையிலும் கட்டை மரத்துண்டு.

மூன்றடுக்கு பிளையில் வெளி அடுக்கு இரண்டும் ஒரே திசையில் ஓடும், அந்தத் திசையில்தான் விறைப்பு. ஒலிப்பலகையில் அந்தத் திசை அகலவாக்கில் இருக்க வேண்டும். ஷீட்டை வீணாக்காமல் வெட்டப் பார்த்து நீளவாக்கில் வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. இழுவை 82 கிலோ என்றால், 35 பாகைச் சாய்வில் பலகையை நேர் மேலே தூக்கும் பங்கு 47 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டையின் பாரத்தை நடுக்கோட்டில் மாட்டி மேலே இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேகை தப்பாகப் போனால் பலகை கூரை போல நடுவில் மடங்கும்.

நடுக்கோட்டில் வெளியே 12×3 மி.மீ. கெட்டி மர ரீப்பர், உள்ளே 20×4. துளைகள் இரண்டையும் சேர்த்துப் போக வேண்டும். துளைக்குத் துளை சின்ன ஐலெட் (உலோக வளையம்), பேனர் அடிக்கும் கடைகளில் உள்ளதில் மிகச் சிறியது. ஐலெட் இல்லாவிட்டால் நரம்பு மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும், இறங்க இறங்கச் சுருதி போகும்.

பின்பலகையில் 60 மி.மீ. துளை மூன்று. சத்தம் வெளியே வர மட்டுமல்ல, அறுந்த நரம்பை மாற்ற இரண்டு விரல் உள்ளே போய் முடிச்சைப் பிடிக்க வேண்டும். மூடுவதற்கு முன் எல்லா ஐலெட்டுக்கும் விரல் எட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மே 18, ஞாயிறு

பசை காய்கிறது. கிளாம்பைத் தொடவில்லை.

மே 21, புதன்

தூண் 24×30 மி.மீ. நசுங்கும் பயமே இல்லை, இந்தக் கனத்துக்கு 80 கிலோ ஒன்றும் செய்யாது. தொல்லை முறுக்கத்தில். நரம்புகள் கழுத்தின் ஒரு பக்கமாகத் தொங்குகின்றன. கழுத்தின் மையத்திலிருந்து நரம்புத் தளம் 18 மி.மீ. தள்ளி இருக்கிறது. 82 கிலோ அந்த 18 மி.மீ. கையில் திருகினால், ஒரு மீட்டர் கோலின் நுனியில் ஒன்றரைக் கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். நாள் முழுக்க. விலை குறைந்த ஹார்ப்புகள் சில வருடத்தில் ஒரு பக்கம் தலைசாய்ந்து நிற்பது இதனால்தான்.

செய்தது இரண்டு. தூண் மூட்டின் இருபுறமும் 4 மி.மீ. பிளைத் தகடு ஒட்டி, ஊடே 10 மி.மீ. மரக்குச்சி இரண்டு. அடுத்து, கழுத்தை நரம்பில்லாத பக்கமாக 2 மி.மீ. சாய்த்தே பொருத்தியது. பாரம் ஏறும்போது நேருக்கு வந்துவிடும். இரண்டு பிளைக்கு நடுவே சந்து விட்டு நரம்பை மையத்திலேயே ஓடவிட்டால் முறுக்கமே இராது. ஆனால் கொக்கி போடுவதும் நரம்பு மாற்றுவதும் திண்டாட்டம்.

யாழுக்குத் தூண் கிடையாது. பத்தரிலிருந்து (ஒலிப்பெட்டி) கிளம்பும் கோடு, அதாவது அதன் கழுத்து, தன் வளைவாலேயே இழுவையைத் தாங்க வேண்டும். மியான்மரின் சவுங் என்ற ஹார்ப் இன்றைக்கும் அந்த அமைப்புதான். தூண் வந்த பிறகே சட்டம் முக்கோணமாக மூடிக்கொண்டது. எடை குறைவாக வேண்டும், 80 கிலோவும் தாங்க வேண்டும் என்றால் தூணை விட முடியாது.

மே 25, ஞாயிறு

சுருதி ஆணி: சுவரமண்டலுக்குப் போடும் 5 மி.மீ. ஆணியே பொருந்தும், சாவியும் அதே. துளைக்கு 3/16 பிட், அதாவது 4.76 மி.மீ. முதலில் வெட்டி மிஞ்சிய கழுத்துத் துண்டில் போட்டுப் பார்த்தாயிற்று. 4.5 பிட்டில் ஆணி இறுகி, திருப்பும்போது பிளை முனகியது. 5-இல் தளர்ச்சி. 3/16 சரி.

சோதனை இப்படி: சாவியின் கைப்பிடியில் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வில் தராசை மாட்டி இழுக்க வேண்டும். 5 கிலோ நரம்பு அந்த இடத்தில் 125 கிராம் அளவுக்குத்தான் எதிர்த்து இழுக்கிறது. ஆணி 1 கிலோவுக்குக் குறையாமல் தாங்கினால் நிம்மதி. துளை ஆணியின் தலைப்பக்கம் 4 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், நரம்புச் சுற்று நழுவாது. ஒன்று தளர்ந்தால், துளைக்குள் உப்புத்தாள் கீற்று, கரகரப்பு மரத்தைப் பார்க்க. பசை ஊற்ற வேண்டாம். அடுத்த முறை ஆணி திரும்பாது.

அதற்குக் கீழே, வரைபடப் புள்ளியில் தாங்கு ஆணி. 3 மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டு போதும். நரம்பின் பேசும் நீளம் இங்கே முடிகிறது. இதில் 12 பாகையாவது நரம்பு வளைந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஜங்கென்று அதிரும்.

ஜூன் 1, ஞாயிறு

நரம்பு ஏற்றம். நுனியில் எட்டு வடிவ முடிச்சு, அதன் கண்ணுக்குள் 1.5 மி.மீ. நரம்பில் 10 மி.மீ. துண்டு. வெறும் முடிச்சு மெல்லிய நரம்பில் ஐலெட் வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். ஆணியில் தடித்ததற்கு 2 சுற்று, மெல்லியதற்கு 4.

ஒரு முனையிலிருந்து வரிசையாக ஏற்றக் கூடாது. 1, 8, 15, பிறகு 4, 11, 18, பிறகு இடையில் உள்ளவை. எல்லாவற்றையும் முதலில் அரைச் சுரம் கீழே நிறுத்தி ஓர் இரவு விட்டாயிற்று. காலையில் பார்த்தால் எதுவுமே சுருதியில் இல்லை. நைலான் நீள்கிறது, அவ்வளவுதான். முதல் வாரம் தினம் மூன்று தடவை கூட்டினாலும் இறங்கும்.

ஜூன் 8, ஞாயிறு

நேர்கோலைப் பலகையின் குறுக்கே வைத்து அளந்ததில் நடுவில் 2.5 மி.மீ. மேடு. முதல் நாள் 1.5. இந்தப் பலகை மேடு விழத்தான் வேண்டும், வளைந்த பலகை தட்டைப் பலகையைவிட நன்றாகத் தாங்கும். 5 மி.மீ. தாண்டினால்தான் கவலை, அப்போது உடனே எல்லா நரம்பையும் இறக்கிவிட வேண்டும். பெட்டியின் ஓர ஒட்டுகளில் நகத்தை ஓட்டிப் பார்த்ததில் எங்கும் வாய் திறக்கவில்லை. கழுத்து நேரில் நிற்கிறது, 2 மி.மீ. சாய்வு கரைந்துவிட்டது. எடை 1.8 கிலோ.

13-ஆம் நரம்பில் மட்டும் ஒரு ரீங்காரம். தாங்கு ஆணியில் பிசிர். உப்புத்தாள் இரண்டு இழுப்பு, போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு நரம்பை அரைச் சுரம் ஏற்ற மேற்கத்திய ஹார்ப்பில் லீவர் உண்டு. அது 19 வாங்கினால் அதன் விலை மீதி எல்லாவற்றையும் சேர்த்ததைத் தாண்டும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டைரோல் மலைப்பகுதியில் செய்தது போலக் கொக்கிதான் வழி. காலண்டர் மாட்டும் பித்தளை எல் கொக்கியைத் திருப்பினால் நரம்பை அழுத்தி அரைச் சுரம் ஏற்றும்.

இடம்: தாங்கு ஆணியிலிருந்து நரம்பு நீளத்தில் 5.6 சதவீதம். 385 மி.மீ. நரம்பில் 21.6. ஆனால் கொக்கி நரம்பைப் பக்கவாட்டில் தள்ளி இழுவையையும் கூட்டுவதால், சரியாக அந்த இடத்தில் போட்டால் சுருதி மிஞ்சிப் போகிறது. ஒரு மி.மீ. மேலே தள்ளிப் போட்டு, ட்யூனரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 170 மி.மீ. நரம்பில் கொக்கிக்கு வெறும் 9.5 மி.மீ. இடம்தான், சின்னக் கொக்கியாகத் தேட வேண்டும்.

எல்லா நரம்புக்கும் கொக்கி தேவையில்லை. மத்திமம் இரண்டு, நிஷாதம் மூன்று, மொத்தம் ஐந்து. நிஷாதத்தைக் கைசிகியில் (அரைச் சுரம் தாழ்ந்த நிஷாதம்) கூட்டி வைத்தால் ஹரிகாம்போஜி ராகம். நிஷாதக் கொக்கியைத் திருப்பினால் சங்கராபரணம். மத்திமத்தையும் சேர்த்துத் திருப்பினால் கல்யாணி. மத்திமத்தை மட்டும் திருப்பினால் வாசஸ்பதி. கமகம் இதில் வராது, அதை எதிர்பார்த்து யாரும் செய்ய வேண்டாம்.

அடுத்த சட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் குறித்து வைத்திருக்கிறது: மேலே ஐந்து நரம்புக்கும் ஃப்ளூரோகார்பன் 0.48. இழுவை இதே அளவில் இருக்கும், நரம்பு மெலிவதால் ஒலி கூர்மையாகும்.